மண்ணைத் துறந்த பயிர்

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கை மகன் வந்தான். கையில் ஒரு காகிதப் பை. அதிலிருந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்து மேஜைமேல் வைத்தான். வேர் அறுபடாமல் முழுசாக இருந்தது. பாட்டியின் நரைமுடியைப் போல வெள்ளை வெளேரென்று தொங்கிற்று. ஒரு துளி மண் கிடையாது.

"மாமா, இது தண்ணீரிலேயே வளர்ந்தது. மண்ணே படாதது" என்றான்.

என் மனைவி அதை வாங்கிப் பார்த்து, "அலம்புகிற வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குக் கொண்டு போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரையில் விஷயம் அத்துடன் தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை. பைக்குள் இன்னொன்றும் இருந்தது. வழுவழுப்பான காகிதத்தில் வர்ணப் படங்களுடன் அச்சிட்ட விளம்பரப் புத்தகம். பத்து மடங்கு மகசூல், பத்தில் ஒரு பங்கு தண்ணீர், களை இல்லை, பூச்சி இல்லை, வருங்காலத்தின் விவசாயம் இதுவே என்று பக்கத்துக்குப் பக்கம் முழக்கம். ஊரிலிருக்கும் ஒரு ஏக்கர் நஞ்சையை விற்று இந்தத் தொழிலில் போடப் போகிறானாம். தங்கைக்கு மனமில்லை. "மாமாவைக் கேள், அவர் சொன்னால் சரி" என்று அனுப்பியிருக்கிறாள்.

நாவல் எழுதுகிறவனிடம் விவசாய யோசனை கேட்பது, வைத்தியரிடம் போய்ப் பத்திரத்துக்கு வில்லங்கம் பார்க்கச் சொல்வதைப் போலத்தான். இருந்தாலும் உடன்பிறந்தவள் வைத்த நம்பிக்கை. "இரண்டு வாரம் பொறு, அப்பா" என்றேன். அந்த இரண்டு வாரமும் புத்தகங்களைப் புரட்டினேன். யோசனை கிடைத்ததோ இல்லையோ, ஒரு நல்ல கதை கிடைத்தது. இதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

கதை ஒரு வில்லோ மரத்தில் ஆரம்பமாகிறது. பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பிறந்த வான் ஹெல்மான்ட் என்ற வைத்தியர் ஒரு பெரிய தொட்டியில் காயவைத்த மண் 200 ராத்தல் நிறுத்துப் போட்டார். அதில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோக் கன்றை நட்டார். தூசி விழாமல், துளையிட்ட தகரத்தால் தொட்டியை மூடினார். மழைநீரைத் தவிர, அல்லது வாலையில் வடித்த நீரைத் தவிர, வேறொன்றும் ஊற்றவில்லை. ஐந்து வருஷம் கழித்து மரத்தைப் பிடுங்கி நிறுத்தால் 169 ராத்தலும் சுமார் 3 அவுன்ஸும்! மண்ணைக் காயவைத்து நிறுத்தால், குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ். ஆகவே மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். அவர் 1644-இல் காலமானார். அந்தப் பரிசோதனை 1648-இல்தான் அச்சேறியது.

முடிவு தப்பு. மரம் தன் உடம்பில் பெரும் பகுதியைக் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து எடுத்துக்கொண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், 'காஸ்' என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர் இந்த வான் ஹெல்மான்ட்தான். கரி எரிவதிலிருந்து வரும் அந்த வாயுவையும் அவர் அறிந்திருந்தார். திருடனுக்குப் பெயர் வைத்தவருக்கு, திருடன் தன் வீட்டுத் தொட்டியிலேயே இருப்பது தெரியாமல் போயிற்று. அந்த 2 அவுன்ஸைத் தராசின் பிழை என்று ஒதுக்கிவிட்டார் போலும். பின்னால் வந்தவர்கள் இருநூறு வருஷம் பாடுபட்டது அந்த 2 அவுன்ஸுக்காகத்தான்.

1699-இல் லண்டனில் ஜான் உட்வர்ட் என்பவர் புதினாச் செடிகளை வெவ்வேறு தண்ணீரில் வளர்த்துப் பார்த்தார். மழைநீரில் வளர்ந்ததைவிடத் தேம்ஸ் நதி நீரில் வளர்ந்தது அதிகம். தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரில் இன்னும் அதிகம். ஆகவே தண்ணீர் மட்டும் போதாது, அதில் கரைந்து வருகிற ஏதோ ஒன்று வேண்டும் என்று தெரிந்தது. அது என்ன என்பதை 1860-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜெர்மனியில் ஸாக்ஸ், நோப் என்ற இருவர் பிரித்து எடுத்து வைத்தார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்பு, மக்னீஷியம், கந்தகம், ஒரு சிட்டிகை இரும்பு. இவற்றை உப்புகளாகத் தண்ணீரில் கரைத்துச் செடியை வைத்தால் அது பூத்துக் காய்த்து விதையும் விட்டது. மண் செய்கிற மாயம் என்று ஆயிரமாயிரம் வருஷமாக நினைத்தது, ஒரு கண்ணாடி ஜாடிக்குள் அடங்கிவிட்டது.

அப்புறம் அறுபது எழுபது வருஷம் அது ஆராய்ச்சிசாலையின் ஜாடியிலேயே இருந்தது. எந்த உப்பு இல்லாவிட்டால் எந்த இலை வெளுக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு கருவி, அவ்வளவுதான். அதை வியாபாரத்துக்கான பயிராக வெளியே இழுத்து வந்தவர் ஒருவர். அவர்தான் இந்தக் கதையின் நாயகர். வில்லனும் அவரே என்று சொல்கிறவர்கள் உண்டு.

வில்லியம் கெரிக் கலிபோர்னியா சர்வகலாசாலையில், பெர்க்கிலியில், ஆசிரியர். தண்ணீரில் பயிர் செய்து பணம் சம்பாதிக்கலாம் என்று 1929-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆழமில்லாத பெரிய தொட்டி, அதில் உப்புக் கரைத்த நீர், மேலே கம்பி வலை, வலையின்மேல் வைக்கோல். செடி வைக்கோலில் நிற்கும், வேர் வலைக்குக் கீழே இறங்கித் தண்ணீரைத் தொடும். இப்படி வளர்த்த தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் போயின. ஏணி வைத்து ஏறிப் பழம் பறிக்கிற புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது. பத்திரிகைக்காரர்களுக்குக் கேட்கவேண்டுமா? இனி விவசாயி தேவையில்லை, மாடிவீட்டுக்காரர்கள் மொட்டை மாடியிலேயே தங்கள் சாப்பாட்டை விளைத்துக்கொள்வார்கள் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். மருந்துப் பொட்டலம் விற்கிறவர்களும் கிளம்பினார்கள். சர்வகலாசாலைக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன.

1937-இல் கெரிக் தம் முறைக்கு 'ஹைட்ரோபானிக்ஸ்' என்று பெயர் சூட்டினார். பெயரை எடுத்துக் கொடுத்தவர் அதே சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸெட்செல் என்ற தாவர நூல் வல்லவர். கிரேக்க மொழியில் முற்பாதிக்குத் தண்ணீர் என்றும் பிற்பாதிக்கு உழைப்பு என்றும் பொருள். என் மருமான் கொண்டுவந்த விளம்பரத்தில் இந்தச் சொல் நாற்பது இடத்திலாவது வந்திருக்கும். ஓரிடத்திலும் பிற்பாதியைப் பற்றிப் பேச்சில்லை.

சர்வகலாசாலை முதலில் கெரிக்கை நம்பவில்லை. பின்னர், செய்முறையையும் உப்பின் அளவையும் கொடுங்கள், நாங்கள் பார்க்கிறோம் என்றது. அவர் மறுத்தார். நீங்கள் இடம் கொடுக்காதபோது என் சொந்த நேரத்தில், என் வீட்டில் கண்டுபிடித்தது இது. கண்ணாடிக் கூடமும் அவகாசமும் கொடுங்கள், முடித்துத் தருகிறேன் என்பது அவர் கட்சி. பிணக்கு முற்றிற்று. 1937-இல் அவர் உத்தியோகத்தை விட்டார். 1940-இல் தம் முறை முழுவதையும் புத்தகமாகவே போட்டுவிட்டார். ஒளித்து வைத்ததை விலைக்கு வைத்தார் என்று சிலர் பரிகசிக்கலாம். பத்து வருஷம் ஒருவரும் சீந்தாமல் தனியாகத் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றியவனுடைய மனக்கசப்பை நினைத்தால் எனக்குப் பரிகாசம் வரவில்லை. எழுதுகிறவர்களுக்கு இது கொஞ்சம் புரியும்.

சர்வகலாசாலை விட்டுவிடவில்லை. டென்னிஸ் ஹோக்லண்ட் என்ற பேராசிரியரையும், டேனியல் ஆர்னன் என்ற இளைஞரையும் கூப்பிட்டு, இதில் எவ்வளவு நிஜம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றது. ஹோக்லண்ட் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு செய்தி. முதல் மகாயுத்தத்தில் ஜெர்மனியிலிருந்து பொட்டாஷ் உப்பு வருவது நின்றபோது, கலிபோர்னியாக் கடலோரத்துப் பாசியிலிருந்து அதை எடுக்க முடியுமா என்று ஆராய்ந்தவர் அவர். கடல்நீரில் மிகக் கொஞ்சமே இருக்கிற பொட்டாஷைப் பாசி எப்படித் தன் உடம்பில் அவ்வளவு சேர்த்துக்கொள்கிறது என்ற கேள்வி அப்போது பிடித்துக்கொண்டது. செடி எதை, எப்படிக் குடிக்கிறது என்பதிலேயே அவருடைய வாழ்நாள் கழிந்தது. ஆர்பாட்டம் பிடிக்காத ஆசாமி.

இருவரும் செய்தது மிக எளிய காரியம். ஒரே கண்ணாடிக் கூடம், ஒரே வெயில், ஒரே ஜாதித் தக்காளி, ஒரே கவனிப்பு. சிலவற்றை நல்ல மண்ணிலும் சிலவற்றை மணலிலும் சிலவற்றை உப்புத் தண்ணீரிலும் வைத்தார்கள். விளைச்சலை நிறுத்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. பத்து மடங்கு எங்கிருந்து வந்தது? கண்ணாடிக் கூடத்துக்குள், நீண்ட பருவம் முழுதும், கொம்பு நட்டு நெருக்கி வளர்த்த கொடியின் விளைச்சலை, திறந்த வெளியில் சராசரி வயலின் விளைச்சலோடு ஒப்பிட்டதால் வந்தது. மண்ணையும் அதே கூடத்துக்குள் அழைத்து உட்கார வைத்தால் அதுவும் சளைக்காமல் கொடுத்தது. செடிக்கு வேண்டிய உப்பும் நீரும் காற்றும் கிடைத்துவிட்ட பிறகு, மேற்கொண்டு எல்லை போடுவது வெளிச்சம்தான்.

1938-இல் இதை ஒரு சிறு பிரசுரமாகப் போட்டார்கள். 347-ஆவது சுற்றறிக்கை. அதில் அதிசயம் என்னவென்றால், இந்த முறையில் மாயம் கிடையாது என்று சொன்ன அதே பிரசுரத்தில், செய்ய விரும்புகிறவர்களுக்கு உப்பின் அளவு முழுவதையும் கொடுத்திருந்தார்கள். யாரும் செய்துகொள்ளலாம். ஹோக்லண்ட் 1949-இல் காலமானார். 1950-இல் ஆர்னன் அதைத் திருத்தி வெளியிட்டார். இன்றைக்கும் உலகத்தில் எந்தத் தாவர ஆராய்ச்சிசாலைக்குப் போனாலும் 'ஹோக்லண்ட் கரைசல்' என்று எழுதிய பாட்டிலைப் பார்க்கலாம். பெயர் வைத்தது கெரிக்; தண்ணீர் ஹோக்லண்டுடையது.

அந்தக் கரைசலின் நுணுக்கத்துக்கு ஓர் உதாரணம். ஆர்னனும் ஸ்டவுட் என்பவரும் 1939-இல் மாலிப்டினம் என்ற உலோகம் இல்லாவிட்டால் தக்காளி பிழைக்காது என்று நிரூபித்தார்கள். எவ்வளவு வேண்டும் தெரியுமா? பத்துக் கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு. நம் வயலில் இதை யார் போடுகிறார்கள்? யாரும் போடுவதில்லை, மண் தானாகக் கொடுக்கிறது. செடியைத் தாங்கி நிறுத்துவது, ஈரத்தைப் பிடித்து வைப்பது, வேருக்குக் காற்று விடுவது, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ப்பது, புளிப்பும் காரமும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் சம்பளமில்லாமல் மண் பார்த்த உத்தியோகங்கள். மண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அத்தனையும் நம் தலையில் விழும்.

அப்படியானால் கெரிக் தோற்றாரா என்றால், அதுவும் இல்லை. மண்ணே இல்லாத இடத்தில் அவர் ஜெயித்தார்.

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவில் வேக் என்றொரு பவழத் தீவு. சான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து மணிலாவுக்குப் பறந்த பான் அமெரிக்கன் கம்பெனியின் கடல் விமானங்கள் 1935 முதல் அங்கே இரவு தங்கிச் சென்றன. பிரயாணிகளோ பணக்காரர்கள், தீவிலோ பவழப் பொடி. ஒரு கத்தரிக்காய்க்குக்கூட ஆயிரக்கணக்கான மைல் போகவேண்டும். 1938-வாக்கில் அங்கே கெரிக் முறைத் தொட்டிகள் வந்தன. தக்காளியும் லெட்டூஸும் அங்கேயே விளைந்தன. இங்கே யாரும் மண்ணோடு போட்டி போடவில்லை. கப்பல் கூலியோடும் விமானச் சரக்குக் கூலியோடும்தான் போட்டி. 1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் குண்டு வீசித் தீவைப் பிடித்துக்கொண்டதோடு அந்தத் தோட்டக் கதை முடிந்தது.

ஆனால் அமெரிக்க ராணுவம் பாடத்தை மறக்கவில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தில் அஸென்ஷன் தீவு, எரிமலைச் சாம்பல் மேடு. அங்கே 1945-இல் சரளைத் தொட்டிகள் அமைத்தார்கள். யுத்தம் முடிந்து ஜப்பானில் அமெரிக்கப் படை இறங்கியபோது வேறு மாதிரிச் சிக்கல். ஜப்பானில் நல்ல மண் இருந்தது, நல்ல விவசாயிகளும் இருந்தார்கள். ஆனால் வயலுக்கு எரு மனிதக் கழிவு. அதில் விளைந்த இலையைப் பச்சையாகத் தின்றால் வயிற்றுப் புழுவும் சீதபேதியும் வரும். சிப்பாய்க்கோ தினம் பச்சைக் கறிகாய் வேண்டும். டோக்கியோவை ஒட்டிய சோஃபுவில், 1946-இல் சுமார் 22 ஹெக்டேரில் சரளைத் தோட்டம் எழுந்தது. பெரிய ராணுவத்தின் பணப்பை பின்னால் இருந்ததால் கணக்கு இடிக்கவில்லை.

இதே 1946-இல் இந்தக் கதை நம் நாட்டுக்கு வருகிறது. அப்போது டார்ஜிலிங் ஜில்லாவில் இருந்த காலிம்போங் என்ற மலையூர். அங்கே ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் மண்ணில்லாப் பயிரைப் பற்றிப் பரிசோதனை தொடங்கினார். 1943-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் சுமார் முப்பது லட்சம் பேரைப் பறிகொடுத்த வங்காளம் அது. கெரிக்கின் தொட்டியும் அமெரிக்கர்களின் பம்பும் குழாயும் இங்கே உதவாது என்று டக்ளஸ் கண்டுகொண்டார். ஏழைக் குடும்பம் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். ஆகவே கருங்கல் ஜல்லியையும் மணலையும் கலந்து ஒரு மலிவான பாத்தி. கடையில் கிடைக்கிற சாதாரண உரங்களைக் கலந்து கையால் தூவ வேண்டியது. பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டியது. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். இதை 'வங்காள முறை' என்று பெயரிட்டு 1951-இல் புத்தகமாக எழுதினார். இந்தக் கதையிலுள்ள எல்லாரையும்விட எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது. விஞ்ஞானத்தை விலை குறைத்துக் கொடுக்கப் பார்த்தார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வங்காளத்தில் மண்ணுக்கா பஞ்சம்? கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. யுத்தகாலத்து விலைவாசி ஏறிற்று. பர்மா அரிசி நின்றது. படகுகளைச் சர்க்கார் பறித்தது. கூலிக்காரனுக்கும் மீன்பிடிக்கிறவனுக்கும் அரிசி வாங்கக் காசில்லை. அரிசி இருந்த இடத்திலிருந்து இல்லாதவன் வாய்க்கு வரவில்லை என்பதே பெரிய காரணம் என்று அமர்த்தியா சென் 1981-இல் விரிவாகக் காட்டினார். அந்தப் பசிக்கு ஜல்லிப் பாத்தியில் மருந்து கிடையாது. மேலும் இன்றுவரை இந்த முறையில் மலிவாக விளைவது இலையும் காயும் பழமும்தான். நெல்லும் கோதுமையும் தொட்டியில் முளைக்கும், வளரும், கதிரும் விடும். விற்கிற விலையில் தொட்டிச் செலவு கட்டாது. வயிற்றை நிரப்புவது நெல். லெட்டூஸ் அல்ல.

பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் வந்தது, சிமெண்டுத் தொட்டியின் செலவு போயிற்று. இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் 1960-களில், சரிந்த கால்வாயில் காகிதம் போல மெல்லியதாகத் தண்ணீர் ஓடவிட்டு, வேர் அதில் நனைந்தும் நனையாமலும் கிடக்கும்படி செய்தார். கெரிக்குக்குப் பெரிய தொல்லையாக இருந்தது வேருக்குக் காற்று கிடைக்காதது, அது தீர்ந்தது. ஓடிய நீர் திரும்பத் தொட்டிக்கே வருவதால், வயலில் தரையிலே இறங்கியும் ஆவியாகியும் போகிற நீர் மிச்சமாகிறது. விளம்பரத்தில் இந்த ஒரு வாக்கு பெரும்பாலும் உண்மை. ஹாலந்தில் கண்ணாடிக் கூடங்கள் ஊர் ஊராகப் பெருகின. கடைசியில் சூரியனையும் வேண்டாமென்று, அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் மின்விளக்கில் கீரை வளர்க்கும் கம்பெனிகள் அமெரிக்காவில் கிளம்பின. கோடி கோடியாகப் பணம் இறங்கியது. அவற்றில் பேர்போன ஏரோஃபார்ம்ஸ் 2023-இல் திவால் மனுக் கொடுத்தது. பவரி என்பது 2024-இல் கதவைச் சாத்தியது. சூரியன் இனாமாகக் கொடுப்பதை மின்சாரக் கம்பெனியிடம் விலைக்கு வாங்கினால் வேறென்ன ஆகும்?

நடுவில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேஷம் கிடைத்தது. தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நார் எடுத்தபின் மிஞ்சுகிற தூளைப் பொள்ளாச்சிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் சாலையோரம் மலைமலையாகக் கிடந்தது. எரிக்கவும் முடியாது, எருவாக மக்கவும் நாளாகும். அந்தத் தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். அப்போதும் காற்றுக்கு இடம் விடும். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். இப்போது உப்பைக் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, செங்கல் போல அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிற அந்தச் செங்கல்லின்மேல் ஐரோப்பாவின் தக்காளிச் செடிகள் நிற்கின்றன. கழுவிய சாயத் தண்ணீர் இங்கேயே தங்கிவிடுகிறது. கிணற்று நீர் கறுக்கிறதென்று ஊரார் முறையிடுகிறார்கள். அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துப் பையன் வந்தான். இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்படியென்றால் செய்யலாமா, கூடாதா, மாமா?"

"செய். ஆனால் நஞ்சையில் கை வைக்காதே. முதலில் ஹோக்லண்ட் செய்ததைச் செய்து பார். பாதி மண், பாதி தண்ணீர். ஒரே மாடி, ஒரே வெயில். ஒரு தராசு வாங்கிக்கொள்."

அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. கிழவன் தட்டிக் கழிக்கிறான் என்று நினைத்திருப்பான். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. ஆனால் முப்பது வயசுக்காரன் கண்ணுக்கு நாங்களெல்லாம் கிழவர்கள்தானே. இருந்தாலும் செய்தான்.

வைகாசியில் வைத்த முதல் தொட்டி முழுவதும் போயிற்று. மொட்டை மாடி வெயிலில் தண்ணீர் வெந்நீராகி, வேர் பழுப்பேறி வழவழவென்று அழுகிவிட்டது. சூடேறிய தண்ணீரில் காற்று கரைந்து நிற்காது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். இன்னொரு தடவை ராத்திரி மூன்று மணி நேரம் மின்சாரம் நின்று பம்பு ஓடவில்லை; எழுந்து போய்க் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினானாம். மண் தொட்டிகள் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தன. ஆடியில் வெள்ளைத் துணிப் பந்தல் போட்டு மறுபடியும் வைத்தான். அது பலித்தது. தண்ணீர்க் கீரை மண் கீரையைவிடச் சில நாள் முன்னால் அறுப்புக்கு வந்தது. நிறையும் கொஞ்சம் கூடுதல். செலவழிந்த தண்ணீர் வெகு குறைவு. இதைச் சொல்லும்போது அவன் குரலில் உற்சாகம் இருந்தது. பத்து மடங்கு என்ற பேச்சு மட்டும் காணோம். பக்கத்துத் தெரு ஓட்டல்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை வாங்கிக்கொள்கிறாராம். இப்போது மாடி முழுவதும் குழாயாகப் போட்டிருக்கிறான்.

நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறுப்பின் எடையையும் குறித்து வருகிறான். போன வாரம் அதை எனக்குக் காட்டினான். கடைசிப் பக்கத்தில் மின்சாரச் செலவுக்கென்று தனியாக ஒரு பத்தி போட்டிருந்தான். நஞ்சை இன்னும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. குத்தகைக்காரர் சம்பாவுக்கு நாற்று விட்டிருப்பதாகத் தங்கை சொன்னாள்.